பாட்டி வீடு குளிர்கிறது, வாடகை வீடு வேகிறது: சுவருக்கு எந்தக் கல் வாங்குவது?

காரிமங்கலத்தான் · மார்ச் 9, இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். காரிமங்கலத்திலிருந்து மொரப்பூர் போகும் வழியில் ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. வைகாசியில் கடைக்கால் தோண்டலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கீழ்த்தளம் மட்டும், 1,150 சதுரடி, இரண்டு படுக்கை அறை. ரோடு மேற்கே இருக்கிறது.

இப்போது நாங்கள் இருப்பது தருமபுரி டவுனில் ஒரு வாடகை வீடு, மேல்மாடி. மாசி முடியவில்லை, அதற்குள் ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டால் சூடான காற்றுதான் இறங்குகிறது. பாப்பாவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் பாட்டி வீடு இருக்கிறது. கல் தூண், கல் பலகைக் கூரை. சித்திரை மதியத்தில்கூட அங்கே தரையில் பாய் போட்டுத் தூங்கலாம், போர்வை கேட்கும்.

எனக்குக் குழப்பம் சுவரில்தான். மேஸ்திரி நாட்டுச் செங்கல் என்கிறார். கம்பெனியில் கூட வேலை செய்யும் நண்பர் ஏஏசி பிளாக் (சாம்பலும் சிமெண்டும் கலந்து, உள்ளே காற்றுக் குமிழி விட்டுச் செய்த இலேசான கல்) போட்டால் ஏசியே வேண்டாம் என்கிறார். அப்பாவுக்கு ஹாலோ பிளாக் போதும். எனக்கோ பாட்டி வீடு மாதிரி கல்லிலேயே கட்டிவிடலாமா என்று ஆசை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சைஸ்கல் · மார்ச் 9, இரவு 10.02

தம்பி, உங்கள் ஆசைதான் சரி. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்துவிட்டு மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த பிளாக்கைத் தேடுவானேன்? நம் காலடியில் இருப்பது கருங்கல். மல்லச்சந்திரம் மலைக்குப் போய்ப் பாருங்கள். பெருங்கற்காலத்து ஆட்கள் கல் பலகையை நிறுத்தி, மேலே ஒரு பலகையைப் படுக்கப் போட்டு வைத்த கல்திட்டைகள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. எந்த சிமெண்ட் அத்தனை காலம் நிற்கும்?

தளிக்குளிர் · மார்ச் 9, இரவு 10.20

அண்ணா, அவை செத்தவர்களுக்குக் கட்டியவை. இவர் உயிரோடு வேகிறவர்.

(எங்கள் ஊரில் இன்னும் கம்பளிதான். சும்மா சொல்லி வைத்தேன்.)

தேன்பெண்ணை · மார்ச் 10, காலை 6.35

காவேரிப்பட்டணத்தில் நாலு வருடம் முன்பு ஏஏசி பிளாக்கில் கட்டினோம். அதில் நான் பட்டதைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

பிளாக் எடை குறைவு. கன மீட்டருக்கு 600 கிலோ சுற்றித்தான் வரும். செங்கல் அதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு. அதனால் சுவர் வேலை சீக்கிரம் முடிந்தது. கலவையும் குறைவாகத்தான் ஆனது. ஆனால் எங்களுக்கு வந்த ஆட்கள் பிளாக் வேலை தெரியாதவர்கள். கான்கிரீட் தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் கோழி வலை அடிக்காமல் பூசிவிட்டார்கள். முதல் கோடையிலேயே தூணை ஒட்டி மேலிருந்து கீழே கோடு விழுந்தது. ஒவ்வொரு தூணிலும் அதே கோடு. பிளாக்குகளை மழையில் நனையவிட்டு அப்படியே அடுக்கியதும் ஒரு காரணம் என்று பின்னால் ஒருவர் சொன்னார். சாதாரண ஆணி நிற்காது, அதற்கென்று உள்ள பிளக் வேண்டும். என் மாமனார் படத்தை மூன்று தடவை கீழே போட்ட பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

முக்கியமானது இதுதான். சுவர் குளிர்ச்சியாகவே இருந்தது. மதியம் மேற்குச் சுவரில் உள்ளே கை வைத்துப் பார்த்தால் சுடாது. ஆனாலும் வீடு சுட்டது! முதல் இரண்டு கோடையும் ஹாலில் படுக்க முடியவில்லை. மேலே பார்க்கத் தோன்றவே இல்லை எங்களுக்கு. வெறும் கான்கிரீட் தளம், அதன் மேல் ஒரு சிமெண்ட் பூச்சு, அவ்வளவுதான்.

வரைபடம் · மார்ச் 10, இரவு 8.47

நான் ஓசூரில் கட்டட வேலை பார்க்கும் இன்ஜினியர். தேன்பெண்ணை அக்கா சொன்ன கடைசிப் பத்தியைக் கேள்வி கேட்டவர் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

நம் ஊர் பூமத்திய ரேகைக்கு 12 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் சூரியன் வருடத்தில் இரண்டு தடவை நம் தலைக்கு நேர் மேலே வரும், ஏப்ரல் மூன்றாம் வாரம் கழித்து ஒன்று, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒன்று. கோடை முழுக்கவே உச்சி வெயில் செங்குத்தாகத்தான் இறங்குகிறது. சுவர் மேல் சாய்ந்து தடவிக்கொண்டு போகும். தளம் அதைக் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை மல்லாந்து வாங்கும். ஒரே தளம் உள்ள வீட்டில் சூட்டில் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்துதான் வருகிறது. சுவருக்கு எந்தக் கல் என்று ஆறு மாதம் யோசிப்பவர்கள் தளத்துக்கு ஆறு நிமிடம்கூட யோசிப்பதில்லை.

2018-இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் வீடுகளுக்கென்று எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் கடக்கலாம் என்று அதில் ஓர் உச்ச வரம்பு இருக்கிறது: சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட். நாம் போடும் வெறும் ஐந்தங்குலக் கான்கிரீட் தளம் 3-ஐத் தாண்டும். அனுமதித்ததைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் உள்ளே விடுகிறோம்.

இனி கல். சைஸ்கல் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெப்பம் கடத்துவதில் கிரானைட்டுக்கு எண் 2.5-க்கு மேல், கான்கிரீட்டுக்கு 1.6 சுற்றி, சுட்ட செங்கல்லுக்கு 0.7 சுற்றி, ஏஏசி பிளாக்குக்கு 0.2 ஒட்டி. இந்த நாலில் வெப்பத்தை வேகமாகக் கடத்துவது கிரானைட்தான். பாட்டி வீடு குளிர்வது கல்லால் இல்லை என்று நினைக்கிறேன். கூரை மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சைஸ்கல் · மார்ச் 10, இரவு 9.05

முப்பது வருடம் கல்லோடு கிடக்கிறேன். கல் வீடு குளிரும், அது எல்லோருக்கும் தெரியும். புத்தகத்து எண்ணை வைத்து எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள் சார்.

தூக்குகுண்டு · மார்ச் 11, காலை 5.50

பாலக்கோட்டில் 26 வருடமாக மேஸ்திரி வேலை. இன்ஜினியர் சார் சொல்வது நூற்றுக்கு நூறு. கூடவே எங்கள் தரப்புத் தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் தளம் போட்டதும் மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து மூன்று அங்குலம் கொட்டுவோம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் இடிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து இடிப்பது. ஜல்லி இறுகி, கட்டை தெறித்து மேலே எழும்பும்வரை விட மாட்டார்கள். அதற்கு மேலே தட்டோடு. இப்போது தட்டோடு மட்டும் மிச்சம். அதையும் நேராகத் தளத்தின் மேல் சிமெண்ட் கலவையில் ஒட்டிவிட்டுப் போகிறோம். முக்கால் அங்குல ஓடு எந்த வெயிலைத் தடுக்கும்? வேலை செய்ததெல்லாம் அடியில் இருந்த ஜல்லி. ஓடு அதற்கு மழைக்கோட்டு, அவ்வளவே.

ஜல்லி போடலாம் என்றால் வீட்டுக்காரர் கூலியைக் கேட்டதும் வேண்டாம் என்கிறார். அதே ஆள் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு வண்ண வண்ண விளக்கு வைப்பார்.

ஈசான்யம் · மார்ச் 11, மதியம் 1.12

வாஸ்துப்படி பெரிய படுக்கை அறை கன்னி மூலையில் வர வேண்டும். அதை மறந்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வரைபடம் · மார்ச் 11, இரவு 8.30

ஈசான்யம் ஐயா, கன்னி மூலை என்றால் தென்மேற்கு. மதியம் ஒரு மணியிலிருந்து அஸ்தமனம் வரை வெயில் வாங்கும் மூலை. வீட்டிலேயே அதிகம் சுடும் இடத்தில் வீட்டுத் தலைவரைப் படுக்க வைக்கிறோம். மாற்றச் சொன்னால் நீங்களும் கேட்க மாட்டீர்கள், இவர் வீட்டுப் பெரியவர்களும் கேட்க மாட்டார்கள். அதனால் நான் செய்வது இதுதான்: அறை அங்கேயே இருக்கட்டும், மேற்குச் சுவர் முழுக்க அலமாரி வைத்துவிடுவது. துணிமணிக்குச் சூடு பரவாயில்லை. அந்தச் சுவரில் ஜன்னல் வேண்டாம், காற்றுக்குத் தெற்கே பெரிதாக ஒன்று போதும். அதற்கு மேல் இரண்டடி சன்ஷேட். மார்கழியில் தெற்கு வெயில் சாய்ந்து வரும்போதுகூட, உச்சி நேரத்தில் அந்த இரண்டடி சன்ஷேட் நாலடி உயர ஜன்னலில் பாதிக்கு மேல் நிழல் தரும்.

ரோடு மேற்கே என்பதால் முன்வாசல், திண்ணை, மாடிப்படி மூன்றையும் மேற்கில் தள்ளுங்கள். படிக்கட்டு ஒரு நல்ல குடை. வாசலில் ஒரு புங்கன் வையுங்கள். மேற்குச் சுவருக்கு அதைவிட மலிவான காப்பு கிடையாது.

ஈசான்யம் · மார்ச் 11, இரவு 9.40

அலமாரி தென்மேற்கில் கனமாக இருப்பது சாஸ்திரப்படியும் நல்லதுதான். ஏற்றுக்கொள்கிறேன்.

தளிக்குளிர் · மார்ச் 11, இரவு 9.44

இந்த மன்றத்தில் முதல் தடவையாக ஒரு வாஸ்துச் சண்டை ஒரே நாளில் முடிந்திருக்கிறது.

அரூர்மலையடி · மார்ச் 13, காலை 7.15

நீங்கள் எல்லோரும் சூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே சுவாசிக்கிற காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. புதுவீட்டில் குடியேறியதும் கண் எரிகிறது, குழந்தைக்கு இருமல் வருகிறது என்றால் கண்திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டுகிறோம். பெயிண்டிலிருந்து ஆவியாகும் கரைப்பான், பிளைவுட் ஒட்டிய பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைட், இரண்டும்தான் அந்தப் புதுவீட்டு வாசனை. பால் காய்ச்சும் நாளுக்கு முந்தின வாரம் அவசர அவசரமாக வார்னிஷ் அடித்து, ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டுக்கொண்டு படுப்பதைவிட மோசம் எதுவும் இல்லை. பிளைவுட் வாங்கினால் ஈ-ஜீரோ அல்லது ஈ-ஒன் (ஃபார்மால்டிஹைட் குறைவாக வரும் என்ற அடையாளம்) என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்று 2017 நவம்பரிலிருந்தே சட்டம். டப்பாவில் எழுதியிருப்பார்கள். பெயர் தெரியாத மலிவு எனாமலைக் கம்பிக்கு அடிக்கும்போது இதை யாரும் படிப்பதில்லை, அந்தக் கம்பியைத்தான் குழந்தை கடிக்கும்.

என் சொந்த வீட்டில் உள்பூச்சு சுண்ணாம்பு. கல்வராயன் மலைக் கடுக்காயை ஊறவைத்த தண்ணீர், வெல்லம், மணல். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். ஈரத்தை வாங்கித் திருப்பியும் விடும், அதனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிப்பதில்லை. ஆனால் பொறுமை வேண்டும். ஒரு பூச்சு காய்ந்து அடுத்தது பூச நாள் பிடிக்கும். அவசரக்காரருக்கு ஆகாது.

கேள்வி கேட்டவரின் மண் செம்மண்ணா? செம்மண் என்றால் சுவருக்கு அழுத்திய மண்கல் யோசிக்கலாமே. ஐந்து சதவீதம் சிமெண்ட் சேர்த்து மெஷினில் அழுத்துவது. சுட வேண்டாம், விறகு வேண்டாம். ஆரோவில்லில் 1989 முதல் இதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள்.

காரிமங்கலத்தான் · மார்ச் 13, இரவு 10.10

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மண் செம்மண்தான், கொஞ்சம் சரளை கலந்தது. அது தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது? பாட்டி வீட்டுக் கூரைக்கு மேல் என்ன என்று கேட்டதற்கு அம்மா "மண்ணுதான்" என்று சொன்னார். சித்திரை ஒன்றுக்கு அங்கே போகிறோம். ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அரூர்மலையடி · மார்ச் 14, காலை 6.50

மேல்மண்ணை விலக்கிவிட்டு மூன்றடிக்குக் கீழேயிருந்து ஒரு கை மண் எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் கால்வாசிக்குப் போட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். சரளையும் மணலும் அடியில், வண்டல் நடுவில், களி மேலே எனப் பட்டை பட்டையாக நிற்கும். மணல் பாதிக்கு மேல், களி ஐந்தில் ஒரு பங்கு என்றால் நல்ல மண். களி அதிகம் என்றால் காய்ந்ததும் வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். கரிசல் என்றால் விட்டுவிடுங்கள்.

தூக்குகுண்டு · மார்ச் 14, இரவு 7.30

மண்கல் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை நாலு வாரம் நனைத்துக் காக்க வேண்டும். பாலக்கோட்டில் ஒரு வீட்டுக்காரர் பத்து நாளில் அடுக்கச் சொல்லி, மூலையெல்லாம் உதிர்ந்தது. அதில் கெட்ட பெயர் எனக்கு.

எனக்குப் பிடித்தது எலிப்பொறிக் கட்டு. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விலாவில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. சுவர் அதே ஒன்பது அங்குலம். செங்கல்லில் நாலில் ஒன்று மிச்சம், பொந்தில் இருக்கும் காற்று வெயிலுக்கு ஒரு தடுப்பு. இதுவரை இரண்டு வீடு கட்டியிருக்கிறேன். சிக்கல் எங்கே என்றால், செங்கல் முனை கூராக, ஒரே அளவில் இருக்க வேண்டும். நம் பக்கச் சூளையில் வருவதில் பத்துக்கு மூன்று கோணல். பொறுக்கி எடுக்கிற கூலியில் மிச்சம் பிடித்தது பாதி போய்விடும். கரண்ட் பைப் எங்கே வரும் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், கட்டிய பிறகு வந்து காடி வெட்டினால் பொந்து உடையும்.

தேன்பெண்ணை · மார்ச் 15, காலை 6.20

மூன்றாம் கோடையில் நாங்கள் செய்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தளத்தை நன்றாகக் கழுவி, சுண்ணாம்புக் கல் நீற்றி, கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட்டு வெள்ளை அடித்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வேலை. அன்று மதியம் தளத்தில் செருப்பில்லாமல் நடக்க முடிந்தது! உள்ளேயும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அடுத்த மாசிக்குள் தூசி படிந்து மங்கிவிட்டது. ஒவ்வொரு வருடமும் மாசியில் அடிக்க வேண்டும். பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கிறோமே, அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கை அறிவித்துவிட்டது. இங்கே சிமெண்ட் ஷீட் வீட்டில் இருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர்களால் மூன்றங்குல ஜல்லி ஏற்ற முடியாது, ஒரு வாளி வெள்ளை முடியும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் தேய்த்துக் கழுவாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வரைபடம் · மார்ச் 15, இரவு 9.00

வெள்ளை அடிப்பதோடு இன்னொன்று. மழைநீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடிக்கிறீர்கள் என்றால் ரப்பர் போல வரும் கெமிக்கல் பூச்சைக் கூரையில் அடிக்காதீர்கள். சுண்ணாம்போ தட்டோடோ போதும். நம் இரண்டு மாவட்டத்துக்கும் இது சின்ன விஷயம் இல்லை. போர் தண்ணீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் பல்லில் கறை, அதற்கு மேல் எலும்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். மழைத்தண்ணீரில் அந்தத் தொல்லை கிடையாது.

கணக்குப் பாருங்கள். 1,150 சதுரடி என்பது சுமார் 107 சதுர மீட்டர். நம் பக்கம் வருடத்துக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 70,000 லிட்டருக்கு மேல். நாலு பேர் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 25 லிட்டர் என்றால், மழையே இல்லாத நாலு மாதத்துக்கு 3,000 லிட்டர். படிக்கட்டுக்கு அடியில் 5,000 லிட்டர் தொட்டி போதும். முதல் மழைத் தண்ணீரை வெளியே தள்ள ஒரு பைப், ஒரு வால்வு, மணலும் கரியும் போட்ட ஒரு வடிகட்டி. மீதியைப் போர் பக்கத்துக் குழியில் இறக்குங்கள். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கினார்கள். பாதி வீட்டில் அது அனுமதி வாங்கும் நாளில் காட்டுவதற்கு நட்ட பைப்பாக நிற்கிறது.

கட்டும் தண்ணீரையும் பாருங்கள். ஃப்ளூரைடு கம்பியை ஒன்றும் செய்யாது, குளோரைடுதான் துருவேற்றும். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டரில் 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வாய்க்கு உப்புக் கரிக்கிற போர் என்றால் சோதனைக்குக் கொடுங்கள்.

சைஸ்கல் · மார்ச் 15, இரவு 9.25

அப்போ கல்லுக்கு இந்த வீட்டில் இடமே இல்லையா சார்?

வரைபடம் · மார்ச் 15, இரவு 9.50

ஏன் இல்லை அண்ணா? கடைக்கால், பேஸ்மட்டம், காம்பவுண்ட், படி, திண்ணை எல்லாம் உங்களுடையதுதான். குவாரியில் பாலிஷுக்கு ஆகாது என்று மலை மலையாக ஒதுக்கிப் போட்டிருக்கும் கழிவுக் கல்லை எடுத்தால் இன்னும் நல்லது. சூளையும் வேண்டாம், பத்து கிலோமீட்டருக்குள் கிடைக்கும். நான் தடுப்பது கூரைக்கு மட்டும். கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. ஆறேழு அடிக்கு ஒரு தூண் இல்லாமல் பலகை நிற்காது, விரிசல் விட்டால் சொல்லிக்கொண்டும் விடாது. இப்போதைய ஹாலுக்கு நடுவில் நாலு கல் தூணை யார் ஒத்துக்கொள்வார்கள்?

காரிமங்கலத்தான் · ஏப்ரல் 16, இரவு 10.30

போய் வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆன்லைனில் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் மூன்று வாங்கிப் போனேன். பாட்டி வீட்டில் கூடமும் இரண்டு அறைகளும். எல்லாவற்றுக்கும் ஒரே கல் பலகை, ஒரே சுவர். கூரை மேலே ஏறினால், பலகை மேல் முக்கால் அடிக்கு மண் மெத்தை, அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி. ஆனால் கிழக்கு அறைக்கு மேல் மட்டும் மண் இல்லை. ஆறேழு வருடம் முன்பு ஒழுகுகிறது என்று சித்தப்பா அந்த ஒரு அறைக்கு மேலே இருந்த மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, பலகை மேலேயே சிமெண்ட் பூசியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் படுப்பதில்லை, புளியும் ராகியும்தான் வைக்கிறார்கள். ஏன் படுப்பதில்லை என்று யாரும் யோசிக்கவும் இல்லை. "அந்த ரூம் ராசியில்லை" என்று மட்டும் பாட்டி சொல்லும்.

மதியம் 2 மணிக்கு வெளியே நிழலில் 35.5. கூடத்தில் 30. ராசியில்லாத அறையில் 34.

இரவு 9 மணிக்கு வெளியே 27. கூடத்தில் 30. அந்த அறையில் 33.5. அதே நேரத்தில் தருமபுரி வாடகை வீட்டில் மச்சானைப் பார்க்கச் சொன்னேன், 34.

ஒரே கல். மண் இருந்தால் ஒரு வீடு, மண் போனால் வேறு வீடு. வரைபடம் சார் சொன்னது சரி. சைஸ்கல் அண்ணன் கோபிக்கக் கூடாது.

இன்னொன்றும் கவனித்தேன். பாட்டி காலை பதினொரு மணிக்கு எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் திறக்கிறது. நாங்கள் நேர்மாறு. மதியம் காற்று வரட்டும் என்று திறந்து வைப்போம், ராத்திரி கொசுவுக்குப் பயந்து சாத்துவோம்.

வரைபடம் · ஏப்ரல் 17, காலை 7.05

அருமையான வேலை தம்பி. ஒரே வீட்டில், ஒரே கல்லில், மண் மட்டும் மாறினால் என்னாகும் என்று உங்கள் சித்தப்பா தெரியாமலே ஒரு சோதனை நடத்தியிருக்கிறார். அவரைத் திட்டாதீர்கள்.

கூடம் பகலும் இரவும் 30-லேயே நிற்கிறது பாருங்கள், அது கனத்தின் வேலை. கல்லும் மண்ணும் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். மேலேயிருந்து வருவதை மண் தடுத்துவிடுவதால் உள்ளே இருக்கும் கல் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ராத்திரிக் காற்றை உள்ளே விட்டு அந்தக் கல்லைக் குளிர வைப்பதுதான் பாட்டி செய்வது. அதனால் ஜன்னலில் கொசுவலையை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். தள்ளுகிற யுபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும், கதவு போலத் திறக்கும் ஜன்னல் வாங்குங்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி சேரும் வெப்ப ஈர மண்டலத்துக்கு, திறக்கக்கூடிய பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது முன்பு சொன்ன எக்கோ நிவாஸ் விதித்தொகுப்பு. உங்களுக்குச் சுமார் 190 சதுரடி, வெளிப்பக்கம் திறக்கும் கதவுகளும் அதில் சேரும்.

ஆனால் முக்கால் அடி மண்ணை உங்கள் தளத்தில் ஏற்றாதீர்கள். சதுர மீட்டருக்கு 350 கிலோவுக்கு மேல் வரும், கம்பிக் கணக்கே மாறிவிடும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தளத்தின் மேல் வாட்டர்புரூஃப் செய்து, இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை (தெர்மோகோல் இனத்துக் கெட்டி நுரைப் பலகை), அதற்கு மேல் கலவை, தட்டோடு. பலகைக்கு எடை கிட்டத்தட்ட இல்லை, வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். பெட்ரோலியப் பொருள் என்பது அதன் குறை. இன்னொன்று மேஸ்திரி அண்ணன் சொன்ன செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு. எக்ஸ்பிஎஸ் அளவுக்குத் தடுக்காது, சும்மா கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். மேலே வருடா வருடம் வெள்ளை அடித்தால் இன்னும் இறங்கும்.

தளிக்குளிர் · ஏப்ரல் 17, காலை 8.15

சோலார் பேனல் போட்டால் கூரைக்கு நிழலும் ஆகுமே?

வரைபடம் · ஏப்ரல் 17, காலை 8.40

ஆகும். மூன்று கிலோவாட்டுக்கு 300 சதுரடி நிழல், நாளைக்குச் சுமார் 12 யூனிட். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம். ஆனால் வீட்டைக் குளிர வைத்த பிறகு எத்தனை யூனிட் தேவை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வேகிற வீட்டுக்கு இரண்டு ஏசி மாட்டி, அந்த ஏசிக்காகச் சோலார் மாட்டுவது ஓட்டை வாளியில் இறைக்கிற கதை.

சைஸ்கல் · ஏப்ரல் 17, இரவு 9.30

கோபமெல்லாம் இல்லை தம்பி. எங்கள் வீடும் கல் வீடுதான். நேற்று ராத்திரி நானும் ஏறிப் பார்த்தேன். மேலே மண் இருக்கிறது. கடைக்காலுக்குக் கல் என்னிடம்தான் எடுக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

தூக்குகுண்டு · ஏப்ரல் 18, காலை 5.45

எந்த வழியாக இருந்தாலும் சிமெண்டில் 53 கிரேடு ஓபிசிதான் (சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட்) வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். வீட்டு வேலைக்குப் பிபிசி போதும். அதில் சாம்பல் கலந்திருப்பதால் மெதுவாக இறுகும், சூடும் குறைவு. ஆனால் பத்து நாள் குறையாமல் தண்ணீர் காட்ட வேண்டும். மூன்றாம் நாளே தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கச் சொல்லி வராதீர்கள்.

காரிமங்கலத்தான் · டிசம்பர் 19, இரவு 8.50

இந்த இழையை யாராவது இன்னும் படிக்கிறீர்களா தெரியவில்லை. தளம் ஆவணியில் போட்டோம். கடைக்கால், பேஸ்மட்டம் சைஸ்கல் அண்ணனின் கழிவுக் கல். சுவர் ஃப்ளை ஆஷ் செங்கல், அதாவது அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த கல். அப்பாவையும் நண்பரையும் ஒருசேர ஏமாற்றிய முடிவு அது. எலிப்பொறிக் கட்டு மேற்குச் சுவருக்கு மட்டும். ஃப்ளை ஆஷ் கல் முனை கூராக இருந்ததால் மேஸ்திரி அண்ணன் முணுமுணுக்கவில்லை. பாட்டில் சோதனையில் களி ரொம்பக் குறைவாக நின்றது, அதனால் மண்கல் ஆசையை விட்டுவிட்டேன். படுக்கை அறைகளின் உள்பூச்சு மட்டும் சுண்ணாம்பு.

தளத்துக்கு எக்ஸ்பிஎஸ்ஸா ஜல்லியா என்று இரண்டு மாதம் இழுத்தோம். கடைசியில் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "மேலே ஒண்ணும் போடாமலா விடப் போறே?" என்று கேட்டது. ஜல்லிதான். மழை முடியட்டும் என்று காத்திருந்தோம்.

தூக்குகுண்டு · டிசம்பர் 19, இரவு 9.10

படிக்கிறோம் தம்பி. திங்கள்கிழமை ஆறு பேர் வருகிறார்கள், எல்லோரும் ஐம்பதைத் தாண்டினவர்கள். இப்போதைய சித்தாள்களுக்கு இந்த வேலை தெரியாது. கடுக்காய் ஊறப் போட்டாயிற்று. இடிக்கிற கட்டை என்னிடம் மூன்றுதான் இருக்கிறது. உங்கள் பாட்டி வீட்டில் பழசு ஏதாவது கிடக்கிறதா பாருங்கள்.

காரிமங்கலத்தான் · டிசம்பர் 19, இரவு 9.32

நாலு இருக்கிறதாம் அண்ணா. ஒன்றில் சித்தி துணி துவைக்கிறார், அதை மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.